சிசி கணக்கில் வாங்கும் சொகுசுக் கார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூர் அவிநாசி ரோட்டில் சொகுசுக் கார்கள் பெருகுவதைப் பார்த்து, பனியன் தொழில் செழிக்கிறது என்று பேசுகிறார்கள். லாபத்தில் கார் வாங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. சிசி கணக்கிலிருந்து, அதாவது தொழில் நடத்த வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடனிலிருந்து, வாங்கும் கார்தான் ஊரைக் கெடுக்கிறது.

60 லட்சம் ஷோரூம் விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம், அதாவது 12 லட்சம். விற்பவர் வசூலிக்கும் வருமான வரியான டிசிஎஸ் 60 ஆயிரம். 50 லட்சம் கடன் கிடைத்தாலும் மீதி 10 லட்சத்தையும் சேர்த்து 22.6 லட்சம் கையிலிருந்து போக வேண்டும். இன்சூரன்ஸ் தனி. 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் தவணை மாதம் 80 ஆயிரத்துக்கு மேல். கம்பெனி பெயரில் வாங்கினாலும் காருக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க வழியில்லை.

இந்த 22.6 லட்சம் பல இடங்களில் பவர்டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்), செக்கிங், அயர்னிங்காரர்களுக்குச் சேர வேண்டிய பணம். மாதாமாதம் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில், சரக்கு மதிப்பிலிருந்து கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழித்துத்தான் பணம் எடுக்கும் வரம்பைப் போடுவார்கள். இவர்களுக்குத் தர வேண்டிய ஜாப் ஒர்க் கூலி பாக்கியைக் காட்டாமல் விட்டால் வரம்பு ஏறும். ஏறிய பணம் காருக்குப் போகும். அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்கவே சிசியில் இடமிருக்காது. கம்பெனி வாசலில் சீட்டு பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத கார் நிற்கும். தைத்த பீஸ் மூட்டையை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டி வந்த பவர்டேபிள்காரரிடம், "ஷிப்மென்ட் போகட்டுங்க, பார்ட்டி பணம் வரட்டுங்க" என்பார்கள். அவர் சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். வட்டிக்கு வாங்கித்தான் போடுகிறார்.

குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. இதற்கு ஜாப் ஒர்க் செய்பவருக்கு உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு, வேலை எடுப்பதற்கு முன்பே இருப்பது நல்லது. பிறகு பதிந்தால் பழைய பில்லில் வழக்குச் சிக்கல் வரும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் மூட்டையை இறக்காதீர்கள். 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து, குறை சொல்லிப் பணத்தைக் குறைக்க டெபிட் நோட்டு நீட்டுபவருக்கு அந்தச் சலான்தான் பதில். பணம் வராவிட்டால் அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம், இதற்கென உள்ள கவுன்சில் விசாரிக்கும். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகும் கம்பெனி முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும்.

ஆனாலும் ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் புகார் கொடுப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானது. அதனால் வங்கிகள்தான் முதலில் கேட்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவுள்ள ஜாப் ஒர்க்காரர் தன் ரிட்டர்னில் காட்டும் பில், கம்பெனிக்கு வந்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி 2பி பட்டியலில் வந்துவிடும். ஸ்டாக் ஸ்டேட்மென்டோடு அந்தப் பட்டியலையும், பணம் கொடுத்த விவரத்தையும் வாங்கி ஒப்பிட்டால் மறைத்த பாக்கி தெரிந்துவிடும். கார் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் மேலாளர்கள் இதைச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகர்,
அவிநாசி