அம்மாவின் இருமலுக்குக் காரணம் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு

அன்புடையீர்,

அம்மாவுக்குக் காசநோய்க்கான ஆறு மாத மருந்து முடிந்துவிட்டது. கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் மருந்து கொடுத்த டாக்டரை வாழ்த்தினார்கள். அது சரிதான். ஆனால் என்ன நோய் என்று தேடிப் பிடித்தவர்களில் சிலரை நாங்கள் மறுபடி பார்க்கவே இல்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் மழையிலும் குளிரிலும் இருமல் யாருக்குத்தான் இல்லை? அம்மாவும் இருமிக்கொண்டே கொழுந்தெடுக்கப் போனார். உடம்பு மெலிந்தது, பொழுது சாய்ந்தால் காய்ச்சல், இரவில் வியர்வை. "இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளி பார்த்தே ஆகவேண்டும்" என்று துண்டு எழுதி அனுப்பிய தோட்டத்து மருத்துவ உத்தியோகத்தர் ஐயாவுக்கு முதல் நன்றி.

அடுத்தது சளி எடுத்த அந்த மிஸ்ஸிக்கு, அதாவது தாதிக்கு. அம்மா முதலில் கொடுத்தது வெறும் எச்சில். நீங்கள் ஏசவில்லை. காற்றோட்டமான வெளியிடத்துக்குக் கூட்டிப்போய், வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, இழுத்து மூச்சுவிட்டுக் கொஞ்சம் அடக்கி, அடிநெஞ்சிலிருந்து இருமச் சொல்லிக்கொடுத்தீர்கள். விடியற்காலைச் சளிக்கும் டப்பா தந்தீர்கள். மூடி மாறிப்போகலாம் என்று டப்பாவின் மேலேயே பெயர் எழுதினீர்கள். ஒழுங்கான சளி இல்லாவிட்டால் எந்த மெஷின் இருந்தும் என்ன பயன்?

நுண்நோக்கியில் பார்த்ததில் கிருமி தெரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். டாக்டர் மட்டும் விடவில்லை. ஒரு மில்லிலீற்றர் சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் அதில் கண்ணுக்குப் படும், குறைவாக இருந்தால் தப்பிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல் விழுந்திருந்தது. நிமோனியாவிலும் நிழல் விழும், ஆறிப்போன பழைய தழும்பிலும் விழும். அதனால் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனைக்கு எழுதினார். அது கிருமியின் மரபணுவைத் தேடுவது. மெஷினில் வைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிவு வந்துவிடும். காசநோய்தான் என்றும், காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படும் என்றும் அதில்தான் தெரிந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அம்மா காத்திருக்க வேண்டி வரவில்லை. ஆய்வுகூடத்தில் முகமூடிக்குள்ளேயே நாள் முழுக்க நின்று அடுத்தவர் சளியோடு வேலை செய்கிற உங்கள் முகம்கூட எங்களுக்குத் தெரியாது. கோடி நன்றி.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா, நீங்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒரே சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் வாழ்கிறவர்கள் நாங்கள். ஒதுக்கிவிடுவார்களோ என்று நினைத்தேன். "தட்டு, கோப்பையால் இது தொற்றாது, காற்றால்தான் பரவும், மருந்து ஒழுங்காகக் குடித்தால் பரவுவது சீக்கிரமே நின்றுவிடும்" என்று வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னீர்கள். அப்புறம் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசியைப் பிள்ளைகளின் கையில் போட ஏற்பாடு செய்தீர்கள். மூன்றாம் நாள் தடிப்பை அளந்து பார்க்க ஒரு பிள்ளையும் தவறாமல் வந்தது. பக்கத்து வீட்டு அக்காமாரே, கூட்டிக்கொண்டு வந்தவர்கள் நீங்கள்தானே! அம்மாவோடு ஒரு நாளும் பேச்சை நிறுத்தாததற்கும் சேர்த்து நன்றி.

சிங்களத்தில் எழுதியிருந்த துண்டுகளை வாசித்துச் சொன்ன ஆட்டோத் தம்பிக்கும், இலேசான வேலை போட்டுக்கொடுத்த கங்காணி ஐயாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பரிசோதனைக்கும் மருந்துக்கும் எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காசுக்குப் பயந்து இருமலோடு இருக்கிறவர்கள் எங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

நன்றியுடன்,
அம்மாவும் பிள்ளைகளும்