கார்வி சொன்னதும் சொல்லாததும்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஜமைக்கா கட்டுரை, அந்நாட்டில் பிறந்த கருப்பினத் தலைவர் மார்க்கஸ் கார்வியை 'ராஸ்தஃபாரி மதத்தின் நிறுவனர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ராஸ்தஃபாரி என்பது எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசியைக் கடவுளாக வணங்கும் ஜமைக்கா இயக்கம்; அதைப் பின்பற்றுகிறவர்கள் ராஸ்தாக்கள். கார்வி ராஸ்தா அல்ல. அந்த இயக்கத்தின் மீது அவருக்கு மதிப்பும் இருந்ததில்லை. பெயரே அவரிடமிருந்து வந்ததில்லை. செலாசி முடிசூடுவதற்கு முன் அவர் பெயர் தஃபாரி. 'ராஸ்' என்பது அந்நாட்டுப் பிரபுக்களின் பட்டம்.

கட்டுரையில் தடித்த எழுத்தில் போட்டிருந்த அந்தப் புகழ்பெற்ற வாக்கையே எடுத்துக்கொள்வோம். 'ஆப்பிரிக்காவை நோக்குங்கள், அங்கே ஒரு கருப்பு அரசன் முடிசூடும்போது விடுதலை நெருங்கிவிட்டது என்று அறியுங்கள்' என்று கார்வி சொன்னதாக ஜமைக்காவில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவருடைய எழுத்திலோ அச்சான பேச்சிலோ அந்த வரி கிடைக்கவில்லை. கார்வி ஆவணங்களைப் பல தொகுதிகளாகப் பதிப்பித்த ராபர்ட் ஹில், அது 1924இல் ஜேம்ஸ் மாரிஸ் வெப் என்ற பாதிரியார் பேசியது என்று காட்டியிருக்கிறார். பிறகு எப்படிக் கார்வியின் தலையில் ஏறியது? அதற்கும் காரணம் உண்டு. 1930இல் கிங்ஸ்டனின் எடெல்வைஸ் பூங்காவில் ஆப்பிரிக்க அரசன் ஒருவனின் முடிசூட்டைக் கார்வியே நாடகமாக எழுதி மேடையேற்றினார். அதே ஆண்டு நவம்பர் 2இல் அடிஸ் அபாபாவில் செலாசி முடிசூடினார். ஆறே நாளில், நவம்பர் 8இல், எத்தியோப்பியா கடவுளை நோக்கிக் கைநீட்டும் என்ற 68ஆம் சங்கீதத்தைக் காட்டித் தன் பத்திரிகையில் வரவேற்று எழுதினார் கார்வி. நாடகம், முடிசூட்டு, சங்கீதம் மூன்றும் ஒரே ஆண்டில் கூடிவந்தால் மக்கள் நினைவு என்ன செய்யும்?

கார்விக்கும் ராஸ்தாக்களுக்கும் உரசல் உடனே தொடங்கியது. ராஸ்தஃபாரியை முதலில் போதித்தவர்களில் ஒருவரான லெனர்ட் ஹவெல் பேரரசரின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்; எத்தியோப்பியா போக அதுதான் கடவுச்சீட்டு என்று வாங்கியவர்கள் நம்பினார்கள். 1934இல் அரசத் துரோக வழக்கில் அவருக்கு 2 ஆண்டு சிறை. அதே ஆண்டு தன் சங்கத்தின் ஆகஸ்ட் மாநாட்டில் ராஸ்தஃபாரிகளைப் பற்றிக் கார்வி இளக்காரமாகப் பேசியதை அன்றைய கிங்ஸ்டன் நாளிதழ் பதிவு செய்திருக்கிறது.

பெரிய முறிவு அதன் பிறகு. 1935இல் இத்தாலி படையெடுத்தபோது கார்வி எத்தியோப்பியாவின் பக்கம்தான் நின்றார். 1936 மே மாதம் செலாசி நாட்டைவிட்டு வெளியேறி, பிறகு லண்டன் வந்தார். அப்போது அங்கேயே இருந்த கார்வி 1937இல் தன் இதழில் அவரைக் கோழை என்றார், மக்களைப் போரில் விட்டுவிட்டு உயிர் தப்பி ஓடியவர் என்றார், அடிமை முறையை ஒழிக்காததற்கும் வெள்ளை ஆலோசகர்களை நம்பியதற்கும் சேர்த்துச் சாடினார். அடிமை முறை பற்றிய குற்றச்சாட்டு சரியானது. சட்டப்படி அது முழுதாக ஒழிந்தது 1942இல்தான். 'ஓடிப்போனார்' என்பது எனக்கு ஒப்பவில்லை. விஷவாயு வீசிய படையின் முன் நின்ற நாடு அது. வெளியேறிய செலாசி ஜூன் 30இல் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் முன் நின்று வாதாடினார். 1941 மே 5இல் தலைநகருக்குத் திரும்பியும் வந்தார். அதைப் பார்க்கக் கார்வி இல்லை; 1940 ஜூன் 10இல் லண்டனில் காலமாகிவிட்டார்.

இதெல்லாம் ராஸ்தாக்களுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. அவர்களுக்குக் கார்வி, இயேசுவின் வருகையை முன்னறிவித்த யோவான் ஸ்நானனைப் போன்றவர். மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் சிறையிலிருந்த யோவானே, வருகிறவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்கவில்லையா? முன்னோடிக்கே சந்தேகம் வரும், அதனால் முன்னறிவிப்பு பொய்யாகாது என்பார்கள். ராஸ்தாக்களில் போபோ அஷாந்தி பிரிவினர் இன்னும் ஒரு படி மேலே போய், செலாசியை அரசராகவும் தங்கள் பிரிவைத் தொடங்கிய இம்மானுவேலைக் குருவாகவும் கார்வியைத் தீர்க்கதரிசியாகவும் வைத்து மும்மை என்கிறார்கள். கார்வி கேட்டிருந்தால் கொதித்திருப்பார்! ஆனால் கடவுளை எத்தியோப்பியாவின் கண்ணாடி வழியே பார்க்க வேண்டும் என்று எழுதியவரும் அவரேதான்.

தாய்நாடான ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் கனவிலும் இதே சிக்கல். 1919இல் கார்வி தொடங்கிய பிளாக் ஸ்டார் கப்பல் நிறுவனத்தின் பங்கு 5 டாலர். வாங்கிய கப்பல்கள் பழையவை, விலையோ அதிகம். பழுதுச் செலவிலேயே பணம் கரைந்து 1922இல் ஓட்டம் நின்றது. தபால் மோசடி வழக்கில் கார்வி சிறை சென்றார். (அதற்கு 2025 ஜனவரியில்தான் அமெரிக்க அதிபரின் மன்னிப்பு கிடைத்தது.) 1959 அக்டோபர் 5இல் கிளாடியஸ் ஹென்றி என்ற பாதிரியார் ஆப்பிரிக்கப் பயணத்துக்கென்று விற்ற நீல அட்டையோடு கிங்ஸ்டனில் கூடியவர்களுக்கும் கப்பல் வரவில்லை. குடியேற நிலம் கிடைத்தது கோழை என்று கார்வி சாடிய அந்தப் பேரரசரிடமிருந்துதான்: எத்தியோப்பியாவின் ஷாஷமனேயில் சுமார் 200 ஹெக்டேர்.

மன அடிமைத்தனத்திலிருந்து நம்மை நாமே விடுவிக்க வேண்டும் என்று பாப் மார்லி பாடியதும் கார்வி 1937இல் கனடாவில் பேசியதுதான். செலாசியைச் சாடிய அதே ஆண்டு.

கடைசியாக, படத்திலுள்ள கொடியைக் கார்வியின் கொடி என்று அதன் கீழே இருந்த வரி. சிவப்பு, கருப்பு, பச்சை என்பது 1920இல் கார்வியின் சங்கம் ஏற்ற கொடி. நீங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பது எத்தியோப்பியக் கொடியின் பச்சை, மஞ்சள், சிவப்பு. திருத்தம் வெளியிடும்போது இதையும் சேர்த்துவிடுங்கள்.

— வாசகர், மதுரை