கடினத்தை மெய்ம்மை என்று விற்க வேண்டாம்: கார்ப்பந்தய விளையாட்டு உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உருவாக்குநர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். எங்கள் சமூகக் கூடத்தில் வார இறுதிகளில் இளைஞர்கள் கூடிக் கார்ப்பந்தய வீடியோ கேம்களை ஆடுவதுண்டு. அந்த ஏற்பாட்டைக் கவனித்துக்கொள்பவர்களுள் நானும் ஒருவன். மெய்யான காரைப்போல நடந்துகொள்ளும் விளையாட்டைச் செய்தால் வாங்குவோர் குறைவர் என்றும், பலரும் வாங்க வேண்டுமானால் மெய்ம்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றும் உங்கள் தொழிலில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. எங்கள் கூடத்தில் நான் காண்பது வேறு. கார் மெய்யாக நடந்துகொண்டது என்பதற்காக எவரும் ஆட்டத்தை விட்டு எழுந்துபோவதில்லை. அது ஏன் அப்படி நடந்துகொண்டது என்று விளங்காதபோதுதான் எழுந்துபோகிறார்கள்.

ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள எங்கள் நாட்டுக் கயலாமி கார்ப்பந்தய ஓடுதளம் 2020-இல் அசெட்டோ கோர்சா கம்பெட்டிசியோனே, 2023-இல் ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் ஆகிய விளையாட்டுகளில் இடம்பெற்றபோது இங்குள்ளவர்கள் பெரிதும் மகிழ்ந்தோம். அந்த ஓடுதளத்தில் மைன்ஷாஃப்ட் என்றொரு செங்குத்தான இறக்கம் உண்டு. அதில் சற்றுத் தாமதமாகப் பிரேக்கை மிதித்தால், காரின் எடையில் பெரும்பகுதி முன்சக்கரங்களின்மேல் சாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை கூடுதலாகத் திருப்பினாலும் பின்பக்கம் சுழன்று முன்னே வந்து நிற்கும். உண்மையான ஓட்டுநருக்கு இச்செய்தி இருக்கையின் வழியாக இடுப்புக்கும் முதுகுக்கும் முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடுகிறது. கையில் கன்ட்ரோலருடன் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பையனுக்கோ, திரையில் புல்தரை சுழலும்போதுதான் தெரிகிறது. விளையாட்டு தன்னை ஏமாற்றிவிட்டது என்று அவன் முடிவுகட்டுகிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குக் கிடைத்த தகவலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அவன் சொல்வது சரிதான்.

மெய்யான கார் ஓட்டுவதற்குக் கடினமானது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எங்கள் தெருவில் பழைய டொயோட்டா டாஸ் வைத்திருக்கும் பாட்டிமார் மழையிலும் மேட்டிலும் அதை ஒரு கீறலின்றி ஓட்டி வருகிறார்கள். சாதாரணக் காரையும் வளைவுதோறும் பம்பரமாகச் சுழல விட்டுவிட்டு, அதற்கு மெய்ம்மை என்று பெயர் சூட்டும் விளையாட்டு மெய்ம்மையில் தோற்றதாகவே நான் கருதுவேன்.

இதன் மறுபக்கத்தை, மெய்யான ஓட்டத்தை அப்படியே பின்பற்றும் சிமுலேட்டர் விளையாட்டுகளின் ரசிகர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப மெய்யான ஓட்டுநர் இரண்டு, மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது. கன்ட்ரோலரின் குச்சியோ கட்டைவிரலின் ஒரே அசைவில் கண்ணிமைக்கும் நேரத்தில் அந்த வேலையை முடித்துவிடும். ஆகவே அந்த அசைவை மென்பொருள் தணித்து, வேகத்திற்கு ஏற்றாற்போல அளவிட்டுக் காருக்குச் சொல்வதில் ஏமாற்று எதுவும் இல்லை. எந்த மனிதக் கையாலும் செய்ய முடியாத ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பதால், அந்த உதவி மெய்ம்மைக்கு அருகில்தான் நம்மைக் கொண்டுசெல்கிறது. நல்ல ஸ்டீயரிங், பெடல் தொகுப்பு எங்கள் நாணயமான ரான்ட் விலையில் இங்குள்ள பெரும்பாலோருக்கு எட்டாத பொருள். கன்ட்ரோலரை இரண்டாந்தரக் கருவியாக எண்ணி, அதன் கணக்கைக் கடைசி நேரத்தில் ஒட்டவைக்கும் நிறுவனம் எங்களையும் இரண்டாந்தரமாக எண்ணுகிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

இதெல்லாம் நடவாத காரியம் என்று நீங்கள் சொல்ல முடியாது; உங்களுக்கு முன்னிருந்தவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்திலேயே விளையாட்டு உருவாக்குநர் ஜெஃப் கிராமண்ட் தம் ஃபார்முலா ஒன் விளையாட்டில் தானியங்கி பிரேக், தானியங்கி கியர், ஓட்டப் பாதைக் கோடு முதலிய உதவிகளைத் தனித்தனி விசைகளில் வைத்தார். வேண்டாததை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகலாம். அடியில் இருக்கும் கார் மட்டும் மாறாது. 1990-களின் நடுவில் செகா ராலி, காசு போட்டு ஆடும் இயந்திரமாக இருந்துகொண்டே, தார், சரளை, சேறு ஒவ்வொன்றிலும் டயரின் பிடிப்பு வேறுபடுவதை ஆடுபவரின் கைக்கு உணர்த்தியது. 1997-இல் வந்த கிரான் டூரிஸ்மோ, எளிதாக ஆடும் ஆர்கேட் முறை, மெய்யை ஒட்டிய சிமுலேஷன் முறை இரண்டையும் ஒரே வட்டில் கொடுத்து ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. மறுபுறம், 1998-இல் வந்த கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் 1967-ஆம் ஆண்டின் கார்களையும், அன்றைய கயலாமி உள்ளிட்ட ஓடுதளங்களையும் வியக்கத்தக்க நேர்மையுடன் படைத்தும், புதிதாக வருபவரைக் கைப்பிடித்து அழைத்துச்செல்லத் தவறியதால் சிலருடைய காவியமாகவே நின்றுவிட்டது.

விட்டுக்கொடுத்தவர்களின் கதையும் உங்களுக்குத் தெரிந்ததே. 2013-இல் கிரிட் 2, குறைவானவர்களே பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி ஓட்டுநர் இருக்கைக் காட்சியை நீக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மறு ஆண்டே கிரிட் ஆட்டோஸ்போர்ட்டில் அது திரும்பி வந்தது. புராஜெக்ட் கார்ஸ் 2020-ஆம் ஆண்டின் மூன்றாம் பாகத்தில் டயர்த் தேய்மானத்தையும் எரிபொருள் கணக்கையும், பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நிற்கும் பிட் நிறுத்தத்தையும் கைவிட்டது. பழைய ரசிகர்கள் விலகினார்கள், புதியவர்கள் திரண்டு வரவும் இல்லை. 2022-இல் அந்தத் தொடரே நிறுத்தப்பட்டது. பலரைக் கவர்வதற்காக எதை நீக்கலாம் என்று தேடியவர்கள், பலருக்கு எதை விளக்கலாம் என்று தேடியிருக்கலாம்.

விளக்குவதற்கு எங்கள் நாடே ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் வான் ரீனன் கணவாயைத் தாண்டியதும் சிறிய எஞ்சின் கார் மூச்சுத்திணறுவதைக் கண்டிருப்பார்கள். கயலாமி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின் தன் ஆற்றலில் கணிசமான பங்கை இழக்கிறது. 1979-இல் ரெனோவின் டர்போ கார் ஃபார்முலா ஒன்னில் முதன்முறையாக முதலிடத்திலிருந்து புறப்பட்டதும், மறு ஆண்டு ரெனே அர்னூ அதே நிறுவனத்தின் டர்போ காரில் வென்றதும் இதே கயலாமியில்தான். இதை ஓடுதளம் திரையில் ஏறும் நேரத்தில் இரண்டு வரியில் சொல்லுங்கள். டர்போ காரைத் தேர்ந்தெடுக்க எங்கள் பையன்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். சுவைக்கு மெய்ம்மை பகையாகாத இடங்கள் இப்படி எத்தனையோ உண்டு.

கார்ப் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஎம்டபிள்யூ இ30 எம்3 உங்கள் விளையாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கார் இங்கே விற்கப்படவில்லை. அதற்கு ஈடாக இந்நாட்டுக்கென்றே உருவான, அதே நிறுவனத்தின் 325ஐஎஸ்தான் எங்கள் ஓடுதளங்களில் ஓப்பல் காடெட் சூப்பர்பாஸுடன் மல்லுக்கட்டியது. கறுப்பின மக்கள் வாழும் டவுன்ஷிப் குடியிருப்புகளில் குஷேஷே என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த 325ஐஎஸ்ஸை, ரசிகர்கள் தாமாகச் செய்து சேர்த்தவை நீங்கலாக, நான் எந்த விளையாட்டிலும் கண்டதில்லை. வெகுமக்கள் ஈர்ப்பு வேண்டும் என்பவர்கள், மக்கள் நேசிக்கும் கார் எது என்று ஊரூராகக் கேட்டிருக்க வேண்டாமா?

இன்னொரு குறையும் உண்டு, அதற்கும் டயர் இயற்பியலுக்கும் தொடர்பில்லை. கிரான் டூரிஸ்மோ 7 வெளியான 2022 மார்ச்சில் சர்வர்கள் ஒரு நாளுக்கு மேல் முடங்கியபோது, தனியாக ஆடுகிறவரும் பெரும்பகுதி விளையாட்டைத் தொட முடியவில்லை. மின்வெட்டையும் அதனோடு அறுந்துபோகும் இணையத்தையும் ஆண்டுக்கணக்கில் அனுபவித்த எங்களுக்கு, தனியாட்டத்திற்கும் இணைப்பு கட்டாயம் என்ற விதி எந்தக் கடினமான காரைவிடவும் பெரிய தடை. ஒரு காரை வாங்க மணிக்கணக்கில் ஒரே பந்தயத்தைச் சுற்றவைப்பதும் அப்படியே. மெய்ம்மையால் ஆட்களை இழக்கிறோம் என்று கணக்குப் போடுமுன் இவற்றால் இழந்தவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. எல்லோருக்கும் ஒரேமாதிரி நடந்துகொள்ளும் காரைக் கொடுங்கள். உதவிகளை அதன்மேல் கழற்றக்கூடியவையாக வையுங்கள். டயர் பிடிப்பை இழக்கத் தொடங்கும் கணத்தை, அது இழந்த பிறகு சொல்லாமல், ஒலியாலும் கன்ட்ரோலரின் அதிர்வாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். கார் சுழன்றபின் ஓட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வசதி உங்களில் பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தச் சக்கரம் எப்போது பிடிப்பை விட்டது என்பதையும் அதிலேயே காட்டுங்கள். விளையாட்டை வெளியிடுமுன், விலையுயர்ந்த கருவிகள் வைத்திருப்பவர்களிடம் மட்டும் சோதனைக்குக் கொடுக்காமல், சாதாரணத் தொலைக்காட்சியும் தேய்ந்த கன்ட்ரோலரும் வைத்திருப்பவர்களிடமும் கொடுங்கள். எங்கள் கூடத்து இளைஞர்கள் அதற்கு ஆயத்தமாக இருக்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகலில் இடமும் இருக்கிறது.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் கூடத்தின் பொறுப்பாளருள் ஒருவன்
டர்பன்