வறண்ட தலைக்கான வெந்தயப் பற்று: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தை மாதத்திலிருந்து நம் கடையில் தலைக்குப் பூசும் பற்றுப் பொடியைப் பொட்டலம் போட்டு விற்று வருகிறோம். வாங்கிப் போனவர்களில் பலர் அரிப்பு அடங்கியது என்று சொல்லித் திரும்பவும் வாங்கினார்கள். சிலர் மட்டும், "நாலு வாரமா பூசுறேன்க்கா, பொடுகு அப்படியேதான் இருக்கு" என்று பொட்டலத்தோடு வந்து நின்றார்கள். அவர்கள் மேல் தவறில்லை. 'தலை அரிப்புக்கு' என்று மட்டும் அச்சடித்துவிட்டு, எந்த அரிப்புக்கு என்று எழுதாமல் விட்டது எங்கள் தவறு. அதைச் சரிசெய்யத்தான் இந்த மடல்.

இந்தப் பொடி வறண்ட தலைக்கு. பொடுகுக்கு அல்ல.

வறண்ட தலையில் செதில் பொடிப்பொடியாக, வெள்ளையாக உதிரும். தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கும். பெரும்பாலும் கை கால் தோலும் வெளிறிப்போயிருக்கும். தலை குளித்த அன்றே அரிப்பு கூடினால் வறட்சி என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பொடுகுச் செதில் வேறு மாதிரி. கொஞ்சம் பெரிதாக, மஞ்சள் பாய்ந்து, பிசுபிசுவென்று முடி வேரோடு ஒட்டியிருக்கும். சிலருக்குப் புருவத்திலும் மூக்கோரத்திலும்கூட வரும். தலை குளிக்காமல் நாள் தள்ளினால் இது அதிகமாகும்.

பொடுகில் மலாசீசியா என்ற ஈஸ்டுக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைக்கு, பெரிய பங்கு உண்டு. அது எல்லார் தலையிலும் இருப்பதுதான். தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்கிறது. அப்படியிருக்க, பொடுகுத் தலையில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைத்தால் அதற்கு நாமே தீனி போட்டது போல ஆகிவிடும். நம் வீடுகளில் தலை அரிக்கிறது என்றதும் முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைத்தானே எடுக்கிறோம். வறண்ட தலைக்கு அது சரி. குளிக்க ஒரு மணி நேரம் முன்னால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும். பொடுகு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு மெடிக்கலில் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கலந்த ஷாம்பு வாங்குங்கள். அதன் நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் விட்டுவைத்து அலச வேண்டும். போட்ட கையோடு அலசிவிட்டுக் கேட்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஷாம்பு எங்களிடம் கிடைக்காது. ஆனாலும் உங்களுக்குத் தேவை அதுதான் என்றால் அதைத்தான் சொல்வோம்.

சரி, நம் பொடிக்கு வருவோம். இதில் இருப்பது மூன்றே சரக்கு: வெந்தயம், நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலை, ஓட்ஸ். வெந்தயத்தை ஊறவைத்தால் ஒரு கொழகொழப்பு வருகிறதே, அதுதான் இதன் உயிர். அந்தக் கொழகொழப்பு தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். தோல் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரம் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளும். செம்பருத்தி இலைக்கும் அதே குணம்தான். நாட்டு மருந்துக் கடையில் ஓட்ஸுக்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் குறைவு. மாவாக நைசாக அரைத்த ஓட்ஸ், அரிக்கும் தோலை ஆற்றக்கூடியது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் அதைத் தோல் காப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. கேட்டுத் தெரிந்துகொண்டு, பூசிப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தோம்.

முதலில் எலுமிச்சைத் தோல் பொடியும் கலந்திருந்தோம். நகம் பட்டுக் கீறியிருந்த என் தலையிலேயே பூசிப் பார்த்தேன். எரிச்சல் தாங்கவில்லை. அன்றோடு அதை எடுத்துவிட்டோம். வீட்டில் தலை அரிப்புக்கு எலுமிச்சம்பழத்தை நேரடியாகத் தேய்ப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே புண்பட்ட தோல் அது.

வெந்தயத்தை அரைத்ததும் வஸ்திரகாயம் செய்கிறோம், அதாவது துணியில் சலிக்கிறோம். வீட்டில் மிக்ஸியில் அரைத்துப் பூசியவர்களுக்கு இதன் அருமை தெரியும். திப்பி முடியில் சிக்கிக்கொண்டால் மூன்று நாள் சீப்பில் வந்துகொண்டே இருக்கும்.

தோள் வரை முடி உள்ளவர்களுக்கு மூன்று மேசைக்கரண்டி பொடி சரியாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். ஊறாவிட்டால் கொழகொழப்பு வராது, பூசியும் பலனில்லை. ஊறியதும் கெட்டியாகும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாம். அப்புறம் வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் படும்படி பூசுங்கள். நகம் படக் கூடாது. முடி நுனிக்குப் பூசத் தேவையில்லை. இருபது நிமிடம் போதும். ஒரு பெண் ராத்திரி பூசிக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டார். காலையில் அது காய்ந்து இறுகி, முடியைப் பிடித்து இழுத்திருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே அலசிவிட வேண்டும் என்பதையும் நாங்கள் பொட்டலத்தில் எழுதியிருக்கவில்லை.

அலசச் சுடுதண்ணீர் வேண்டாம். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதே தலை வறண்டுபோக ஒரு காரணம். வாரம் ஒரு முறை பூசினால் போதும். சளித்தொல்லை உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு பூசி, பத்து நிமிடத்தில் அலசித் தலையை நன்றாகத் துவட்டிவிடுங்கள்.

கரைத்தது மிஞ்சினால் எடுத்து வைக்காதீர்கள். தண்ணீர் பட்ட பொடி நம் ஊர் வெக்கையில் ஒரே நாளில் புளித்துவிடும். "பசையாவே டப்பாவில் குடுங்களேன்" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பசையாக விற்றால் கெடாமலிருக்க மருந்து கலந்தாக வேண்டும்.

வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மூன்றும் ஒரே குடும்பம். அவர்கள் இதை வாங்க வேண்டாம். மற்றவர்களும் முதல் முறை முழங்கை உள்பக்கம் கொஞ்சம் பூசிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தடிப்போ சிவப்போ வந்தால் தலைக்குப் பூசாதீர்கள்.

தலையில் நீர் வடிந்தாலோ சீழ் வைத்திருந்தாலோ, வெள்ளி நிறத்தில் தடித்த செதில் நெற்றி வரை இறங்கியிருந்தாலோ தோல் டாக்டரைப் பாருங்கள். குழந்தைக்கு ஒரே இடத்தில் முடி ஒடிந்து வட்டமாக வழுக்கை விழுந்தால் நாள் கடத்தாதீர்கள். அது படர்தாமரையாக இருக்கலாம். உள்ளுக்கு மருந்து சாப்பிட்டால்தான் போகும், மேல்பூச்சு மட்டும் போதாது. அரிப்பு காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மட்டும் இருந்தால், முதலில் ஈரும் பேனும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வாரம் முதல் பொட்டலத்தில் 'வறண்ட தலைக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பூசும் முறையும் பின்பக்கம் இருக்கும். பழைய பொட்டலத்தைப் பொடுகுக்கென்று வாங்கியவர்கள், பிரித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டு மருந்துக் கடையிலிருந்து