நானூற்றைம்பது புஷ்மாஸ்டரும் கேஸ் வாயும்

அன்புள்ள செந்தில்,

கடிதம் கிடைத்தது. மகள் ஆன் ஆர்பரில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம், அம்மாவிடம் உடனே போய்ச் சொன்னேன். இங்கே ஓஹையோவில் எல்லாரும் நலம்.

சரி, உன் .450 புஷ்மாஸ்டர் துப்பாக்கிக்கு வருவோம். 2014-இல் மிஷிகன் தெற்கில் நேர்க்கேஸ் தோட்டாக்களை (கேஸ் எனும் உலோகக் குழல் நேராக இருப்பவை) மான் வேட்டைக்கு அனுமதித்தபின் ஷாட்கன்னை விட்டுவிட்டுப் பலர் இதற்கு மாறினார்கள், நீயும் வந்துவிட்டாய். தோட்டாவை நீயே லோடு செய்யப் போவது, அதாவது கேஸில் பிரைமர், பவுடர், புல்லட் எல்லாம் நீயே பொருத்தப் போவது, நல்ல முடிவு.

ஒன்றை மட்டும் மனதில் வை: இதில் எல்லாமே கேஸின் வாயில்தான் இருக்கிறது. .223 தோட்டாவின் கேஸுக்குத் தோள் உண்டு, அதாவது வாய்ப்பக்கம் குறுகும் சரிவு; அது துப்பாக்கியின் அறையில் போய் முட்டி நிற்கும். இதற்குத் தோள் இல்லை, வாய் விளிம்புதான் முட்டுகிறது. அதனால் .44 மேக்னத்துக்குச் செய்வதுபோல வாயை உள்பக்கம் சுருட்டிவிடாதே. லேசான டேப்பர் கிரிம்ப், அதாவது வாயைச் சுருட்டாமல் மெல்ல இறுக்குவது, போதும். புல்லட்டை உண்மையில் பிடித்து வைத்திருப்பது கேஸ் சுவரின் இறுக்கம்தான், கிரிம்ப் இல்லை. கேஸ்களை ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள், 1.700 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம் பிரைமரும் பவுடரும் இல்லாத டம்மி ஒன்றைச் செய்து, மேகசினிலிருந்து போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) முழு வேகத்தில் விட்டு ஏற்றி, வெளியே எடுத்து, முன்பும் பின்பும் நீளத்தை அளந்து பார். புல்லட் உள்ளே நகர்ந்திருந்தால் அந்த லோடை நிஜத்தில் சுடாதே, அழுத்தம் ஏறிவிடும்.

வேகத்துக்கும் ஆசைப்படாதே. .223-க்கு அழுத்தம் 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்ட்) வரை போகலாம், இதற்கு வரம்பு 38,500 தான். கேஸின் அடி பெரிது, அதே அழுத்தத்திலும் போல்ட்டைப் பின்னால் தள்ளும் விசை கூடிவிடுகிறது, போல்ட்டோ கிட்டத்தட்ட .223-இன் அளவுதான், கேஸின் அடி விளிம்பை உட்கார வைக்க அதன் முகத்தை வேறு அகலமாகக் குடைந்திருக்கிறார்கள். 250 கிரெய்ன் புல்லட் விநாடிக்கு 2,200 அடியில் போனால் மானுக்குத் தாராளம். எச்110 பவுடர் என்றால் கையேட்டு அளவிலிருந்து ரொம்பக் குறைக்கவும் கூடாது.

துப்பாக்கியில் கனமான பஃபர் (போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் எடை) போடு, ஸ்கோப் திருகுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்) இறுக்கு, உதை அப்படி இருக்கும். மேகசினும் அறையும் சேர்த்து ஆறு தோட்டாவுக்கு மேல் கூடாது என்ற மிஷிகன் விதியையும் பார்த்துக்கொள்.

நவம்பர் 15-க்கு முன் அந்த டம்மி அளவுகளை எனக்கு எழுது, லோடு பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

அன்புடன்,
குமார்