பிரசவத்துக்குப் பிறகு போட்டால் பிள்ளைக்குப் போய்ச் சேராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில், கர்ப்ப காலத்தில் போட வேண்டிய ஃப்ளூ, கோவிட், ஆர்.எஸ்.வி. (மூச்சுப் பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) தடுப்பூசிகள் பற்றிய கேள்வி-பதில் பகுதியைப் படித்தேன். பெரும்பாலான பதில்கள் சரியானவையே. ஆனால், ‘தயக்கம் இருப்பவர்கள் பிரசவத்துக்குப் பிறகும் போட்டுக்கொள்ளலாம்’ என்ற ஒரு வரி மூன்றுக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தது. நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கர்ப்பிணிக்கு ஊசி போட்டபின் அவருடைய உடல் போதுமான எதிர்ப்பொருளை (கிருமியை எதிர்க்கும் புரதத்தை) உருவாக்க ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகின்றன. அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்குச் செல்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் இது மிகுதியாக நடக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள் குறைவாகக் கிடைப்பதும் அதனால்தான். தொப்புள்கொடியை வெட்டியதும் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. தாய்ப்பாலில் வருவது பெரும்பாலும் வேறு வகை எதிர்ப்பொருள். அது குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் நின்று காவல் காக்கும், ஆனால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். ஆகவே பிரசவத்துக்குப் பின் போடும் ஊசி தாயைக் காக்கும். குழந்தைக்குக் கிடைப்பது மறைமுகமான பலன் மட்டுமே.

இந்த வேறுபாடு மிக அதிகமாக உறைப்பது ஆர்.எஸ்.வி. விஷயத்தில். பெரியவர்கள் பலருக்கு அது வெறும் ஜலதோஷம். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது வந்துபோகும். ஆனால் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் மூச்சுக்குழாய்க் கிளைகள் மிகவும் குறுகியவை. சளியும் வீக்கமும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். முதலில் பால் குடிப்பது குறையும். இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குடித்துக்கொண்டே மூச்சுவிடக் குழந்தையால் முடியாது. பிறகு மூக்குத் துவாரங்கள் விரியும், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தசை உள்ளிழுக்கும். மிகச் சிறிய குழந்தைகள் சிலருக்கு இருமல்கூட இருக்காது, மூச்சு சில நொடிகள் நின்றுபோவதே முதல் அறிகுறியாக இருக்கும். அந்த நேரத்தில் நாங்கள் செய்யக்கூடியது ஆக்சிஜன் வைப்பது, மூக்குச் சளியை உறிஞ்சி எடுப்பது, குழாய் வழியே பால் கொடுப்பது, காத்திருப்பது. ‘ஓர் ஆன்டிபயாடிக் போடக் கூடாதா?’ என்று குழந்தையின் தந்தை கேட்பார். இது வைரஸ், அந்த மருந்துக்கு இங்கே வேலையில்லை என்று சொல்வது எங்கள் வேலையிலேயே கசப்பான பகுதி.

உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகள் ஆர்.எஸ்.வி.யால் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் பாதிக்கு நெருக்கமானோர் ஆறு மாதம்கூட நிரம்பாதவர்கள். இந்த ஆறு மாதத்தைக் கடத்துவதற்காகவே கர்ப்பிணிகளுக்கான ஊசி வந்தது. ஃபைசர் நிறுவனத்தின் ‘அப்ரிஸ்வோ’ தடுப்பூசி 18 நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்டது. பிறந்து 90 நாட்களுக்குள் குழந்தைக்குத் தீவிர நோய் வருவதை அது ஏறக்குறைய 82 சதவீதம் குறைத்தது. 180 நாட்கள் வரை கணக்கிட்டால் 69 சதவீதம். அமெரிக்காவில் 32 முதல் 36 வாரம் வரையிலும், இங்கிலாந்தில் 28-ஆவது வாரம் முதலும் இதைப் போடுகிறார்கள். இதே ஊசியைப் பிரசவித்த தாய்க்குப் போட்டால் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தங்கள் பதிலில் விடுபட்டது இதுதான்.

தயங்கும் பெண்களை அறியாதவர்கள் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. 1960-களில் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட ஆர்.எஸ்.வி. தடுப்பூசி ஒன்று நோயைத் தடுப்பதற்குப் பதிலாகத் தீவிரமாக்கியது. இரண்டு குழந்தைகள் இறந்தன. வைரஸின் மேற்புறப் புரதம் செல்லோடு இணைவதற்கு முன் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது 2013-இல் வெளிவந்த பிறகே இன்றைய தடுப்பூசிகளுக்கு வழி பிறந்தது. கர்ப்பிணிகளுக்காக ஜி.எஸ்.கே. நிறுவனம் நடத்திய சோதனையில் குறைப்பிரசவங்கள் கூடுதலாகத் தென்பட்டதால் 2022-இல் அதை நிறுத்தினார்கள். அப்ரிஸ்வோ சோதனையிலும் ஊசி போட்டவர்களிடையே குறைப்பிரசவம் சற்று அதிகம்தான், ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாக இருக்கக்கூடிய அளவிலேயே இருந்தது. இருந்தும் எச்சரிக்கையாக, அமெரிக்கா 32 வாரத்துக்கு முன் வேண்டாம் என்றது. இதையெல்லாம் மறைத்து ‘முற்றிலும் பாதுகாப்பானது, பயப்படாதீர்கள்’ என்று மட்டும் சொன்னால், கேட்பவரின் சந்தேகம் கூடத்தான் செய்யும். நடந்ததைச் சொன்னால் யோசித்து முடிவெடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.கே.யின் ‘அரெக்ஸ்வி’ ஊசியும் ஆர்.எஸ்.வி.க்கானதுதான், ஆனால் கர்ப்பிணிகளுக்கானது அல்ல. அமெரிக்காவில் சில கர்ப்பிணிகளுக்கு அது தவறுதலாகப் போடப்பட்டு, மருத்துவப் பணியாளர்களுக்கு எச்சரிக்கை விடவேண்டி வந்தது. ஊசி போடும் முன் குப்பியில் உள்ள பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நல்ல செவிலியர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஃப்ளூ ஊசிக்கு இந்த வாரக் கணக்கு இல்லை. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். இங்கே தாயின் ஆபத்தே பெரிது: வளரும் கருப்பை உதரவிதானத்தை (நுரையீரலுக்குக் கீழுள்ள மூச்சுத் தசையை) மேலே தள்ளுகிறது, ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. 2009 எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) பரவலின்போது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் ஏறக்குறைய 1 சதவீதம்; இறந்தவர்களில் அவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கென்று ஃப்ளூ தடுப்பூசியே கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வங்கதேசத்தில் 340 தாய்மார்களிடம் நடத்தி 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கர்ப்பத்தில் ஃப்ளூ ஊசி போட்டவர்களின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து மட்டும் கர்ப்பத்தில் கூடாது. அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ்.

கோவிட்டைப் பற்றி நீட்டி எழுதவில்லை. கர்ப்பத்தில் அது வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பும் குறைப்பிரசவ வாய்ப்பும் கூடுகின்றன. யாருக்கு, எப்போது என்ற விதி நாட்டுக்கு நாடு மாறுவதால் மருத்துவரிடமே கேட்பது நல்லது.

கர்ப்பத்தில் போடாமல் பிரசவம் முடிந்துவிட்டவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். ஃப்ளூ ஊசியை இப்போதும் போடலாம். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. பிரசவத்தை அடுத்த இரண்டு வாரங்கள் வரை தாய்க்கும் ஃப்ளூ தீவிரமாகும் ஆபத்து உண்டு. அவர் காய்ச்சலில் விழாமல் இருந்தால், மடியில் கிடக்கும் குழந்தைக்கு அவரிடமிருந்து தொற்று போகாது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் தந்தை, பாட்டி, தாத்தா ஆகியோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு, சளி பிடித்திருக்கும் நாட்களில் தள்ளி நிற்பது உதவும். முத்தம் கொடுக்காதீர்கள் என்று பாட்டிகளிடம் சொல்லும் பொறுப்பை எப்போதும் செவிலியர் தலையில்தான் கட்டுவார்கள். அதைத் தந்தையர் ஏற்றுக்கொண்டால் நன்று.

ஆர்.எஸ்.வி.க்கோ, ‘நிர்செவிமாப்’ என்ற எதிர்ப்பொருள் மருந்து இருக்கிறது. கிடைக்கும் இடங்களில் அதைக் குழந்தைக்கே நேரடியாக ஊசியாகப் போடலாம். குழந்தையின் உடல் எதையும் உருவாக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாய்க்குப் பிரசவத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஊசி போட்டிருந்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தேவைப்படாது. அந்த இடைவெளி குறைவாக இருந்தாலோ, குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டாலோ தேவைப்படலாம். மருத்துவர் இதை முடிவு செய்ய ஊசியின் பெயரும் போட்ட தேதியும் வேண்டும். நள்ளிரவில் வலியோடு வரும் பெண்ணிடம் கேட்டால் ‘ஏதோ ஓர் ஊசி, போன மாதம்’ என்றுதான் பதில் வரும். பிரசவத்துக்கு எடுத்துவைக்கும் பையில், ரத்தப் பிரிவு அட்டையோடு அந்தச் சீட்டையும் வைத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்