'வாலாக்காமல் தலையாக்குவார்' போர்டும் டோனாவூர் கல்லறையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் உங்கள் நாளிதழோடு ஒரு இணைப்பு வந்ததே, அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முக்கால்வாசி பள்ளிக்கூட விளம்பரம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நீங்களும் பத்திரிகை நடத்தியாக வேண்டும். ஆனால் அதில் நாலைந்து விளம்பரங்களில் வேத வசனம் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே வசனம், "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்". அன்று சாயங்காலம் எங்கள் சபைக் கோயிலுக்குப் போனால் வாசலில் பன்னிரண்டடி பிளெக்ஸ், அதிலும் அதே வசனம். அந்த பிளெக்ஸுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தவன் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யோக்கியன் மாதிரி எழுதுகிறானே என்று எங்கள் சபையார் யாராவது உங்களுக்கு மறுகடிதம் போட்டுவிடுவார்கள்.

போர்டில் மார்க் வரிசைப்படி படம். முதல் மார்க் எடுத்த பிள்ளை பெரிதாக, இரண்டாவது கொஞ்சம் சின்னதாக, அப்படியே இறங்கி, கடைசி வரிசையில் பாஸ்போர்ட் சைஸில் பத்துப் பேர். நன்கொடை கொடுத்த கமிட்டியார் படங்கள் பிள்ளைகளின் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எல்லாவற்றுக்கும் கீழே, கம்பம் மறைக்கிற இடத்தில், "சகல மகிமையும் கர்த்தருக்கே". அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா பேரன் ஆராதனைக்கு வரவில்லை. இரண்டு பாடம் போய்விட்டது. காய்ச்சல் என்று அவன் அம்மா சொன்னாள், நாங்களும் காய்ச்சல் என்றே கேட்டுக்கொண்டோம். அந்த போர்டைத் தாண்டாமல் எங்கள் கோயிலுக்குள் போக வேறு வழி கிடையாது.

வீட்டுக்கு வந்து, பைபிளில் அந்த வசனம் வருகிற உபாகமம் 28-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். வசனம் அதோடு முடியவில்லை. என் கற்பனைகளுக்கு, அதாவது கட்டளைகளுக்கு, செவிகொடுத்து நடந்தால் என்று ஒரு நிபந்தனை கூடவே இருக்கிறது, போர்டில் அதற்கு இடம் போதவில்லை போல. சரி, எந்தக் கற்பனைகள் என்று நாலு பக்கம் முன்னால் புரட்டினால், கூலிக்காரனுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று இருக்கிறது. வயலில் ஒரு அரிக்கட்டை மறந்து வைத்துவிட்டால் திரும்பிப் போய் எடுக்காதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று இருக்கிறது. தலையாவதற்கு வழி இது. நாமோ வழியைக் கத்தரித்துவிட்டுத் தலையை மட்டும் ஒட்டவைத்துக்கொண்டோம். இன்னொன்று, நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் நாற்பது பேரும் தலையாக முடியாது, இது சின்னக் கணக்கு. அப்படியானால் என் பிள்ளையைத் தலையாக்கும் என்று ஜெபிக்கிற தாய், பக்கத்து பெஞ்சு பிள்ளையை எதுவாக்கச் சொல்லிக் கேட்கிறாள்?

இது புதுக் கோளாறு இல்லை. இயேசுவோடு கூடவே சுற்றியவர்களுக்கே இருந்தது. மாற்கு சுவிசேஷத்தில் சீஷர்களான யாக்கோபும் யோவானும் வந்து, உமது மகிமையில் ஒருவன் வலது பக்கம் ஒருவன் இடது பக்கம் உட்கார அருள்செய்யும் என்று கேட்கிறார்கள். மத்தேயு எழுதும்போது கொஞ்சம் இரக்கப்பட்டு, கேட்டது அவர்கள் அம்மா என்று எழுதுகிறார், அதுவும் நம் ஊர் கதைதான். மற்ற பத்துப் பேரும் எரிச்சலாகிறார்கள். ஏன் எரிச்சல்? அவர்கள் தாழ்மையுள்ளவர்கள் என்பதால் இல்லை, இவர்கள் இரண்டு பேரும் முந்திக்கொண்டு துண்டு போட்டுவிட்டார்கள் என்பதால். உங்களில் பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாயிருக்கட்டும் என்று இயேசு சொன்னது இந்தச் சண்டையின் நடுவில்தான். அதே மாற்கு இன்னும் ஐந்து அதிகாரம் தள்ளி அந்த வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் மறக்காமல் திரும்பக் கொண்டுவருகிறார். சிலுவைக்கு வலது பக்கம் ஒரு கள்ளன், இடது பக்கம் ஒரு கள்ளன். எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமை இதை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறுபது வயது ஆனது.

இதையெல்லாம் போதகர்கள் சொல்லட்டும், நான் சொல்ல வந்தது நம் பக்கத்துச் சங்கதி. களக்காட்டுக்குக் கிட்டே மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. அந்தப் பேரே ஒரு வேடிக்கை. ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனெரி காலத்தில் அங்கே கோயில் கட்டப் பணம் அனுப்பிய டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பேர் அது. அந்த மனுஷர் நம் வெயிலில் ஒரு நாள் நின்றிருப்பாரா தெரியாது, ஊருக்கே அவர் பேர். அதில் தப்பில்லை, நல்ல காரியத்துக்குக் கொடுத்தார். ஆனால் அதே ஊரில் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் என் கல்லறைக்கு மேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அயர்லாந்துக்காரர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951 ஜனவரி 18-ல் சாகிறவரைக்கும் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. தமிழ் படித்து, நம் பெண்களோடு சேர்ந்து மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இன்றைய பாஷையில் சொன்னால் நல்ல டிமாண்ட் உள்ள ஊழியம். 1901 மார்ச்சில் பண்ணைவிளையில் ஒரு ஏழு வயதுப் பெண்பிள்ளை, இந்துக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி தேவதாசியாக்க விடப்பட்ட இடத்திலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். பிறகு ஒன்றிரண்டாகப் பிள்ளைகள் வந்தார்கள், அப்புறம் கைக்குழந்தைகள். பிரசங்கம் போய்விட்டது, பால் காய்ச்சுவதும் பீத்துணி அலசுவதும் ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுத் தட்டுவதுமாக வாழ்க்கை மாறிவிட்டது. குழந்தைகள் செத்தும் போயின. மிஷனெரி செய்கிற வேலையா இது என்று கூட இருந்தவர்களே கேட்டார்கள். பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும் என்று நம் கிழவிகள் சொல்கிற பேச்சு அவருக்குத் தெரிந்திருந்தது. கால் கட்டப்பட்டதை அவர் ஒத்துக்கொண்டார், துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர் காலைக் கழுவிய இயேசுவின் வேலைக்காரி எந்த வேலையைச் சின்ன வேலை என்று தள்ள முடியும் என்பது அவர் நினைப்பு.

1919-ல் ஆங்கில அரசாங்கம் அவருக்குப் பொதுச்சேவைக்கான கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. வேண்டாம் என்று எழுதிப் பார்த்தார். மறுத்தால் மரியாதைக் குறைவு என்று மற்றவர்கள் எடுத்துச் சொன்ன பிறகு ஏற்றுக்கொண்டார், ஆனால் வாங்குவதற்குச் சென்னைக்குப் போகவில்லை. நம் சபைகளில் சால்வைக்கே ஆள் வைத்துப் பேர் கொடுக்கிற காலத்தில் இதைச் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள்! 1931-ல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர் இருட்டில் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான்.

மிஷனெரிகளைப் பற்றி வேறு விமர்சனங்கள் உண்டு, எனக்கும் சிலது உண்டு, அது வேறு கடிதம். நான் சொல்வது அந்தக் கல்லறையை. போய்ப் பாருங்கள். மரத்தடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிற ஒரு கல்தொட்டி, அதில் 'அம்மா' என்ற ஒரு சொல். கல் வேண்டாம் என்றதால் அவர் வளர்த்த பிள்ளைகள் அதை வைத்தார்கள். பேர் கிடையாது, வருஷம் கிடையாது, பதக்கம் கிடையாது. பேரை விட்டுவிடுங்கள், "தாழ்மையுள்ளவர்" என்றுகூட எழுதவில்லை. நாம் எழுதியிருப்போம், கிரானைட்டில்.

இங்கே ஒரு காரியத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். தாழ்மை, தாழ்மை என்று நம் கோயில்களில் பிரசங்கம் பண்ணுவதே யாருக்கு என்று பார்த்தீர்களானால், ஏற்கெனவே தாழ்ந்து கிடக்கிறவர்களுக்குத்தான். சம்பளம் கேட்கிற நர்சுக்கு, எதிர்த்துப் பேசுகிற மருமகளுக்கு, கமிட்டியில் எங்களுக்கும் ஒரு இடம் என்று கேட்கிற கீழத்தெருக்காரருக்கு. கல்லறைத் தோட்டத்திலேயே சாதி பார்த்த சபைகள் நம்முடையவை. பெரியவர்கள் பங்குக்கு வரும்போது அது "நான் ஒன்றுமில்லாத மண்" என்று மைக்கில் அரைமணி நேரம் சாட்சி சொல்வதாக மாறிவிடுகிறது. யோவான் 13-ல் அப்படி இல்லை. இயேசு சீஷர் காலைக் கழுவி முடித்துவிட்டு உட்கார்ந்து, நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் சொல்லுகிறீர்கள், சொல்லுகிறது சரியே என்கிறார். நான் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. தான் யார் என்று நன்றாகத் தெரிந்தவர், மேலே இருக்கிறவர், கீழே குனிந்தார். அதனால் முதல் மார்க் எடுத்த பிள்ளை எனக்கு ஒன்றும் தெரியாது என்று நடிக்க வேண்டியதில்லை, நன்றாகப் படித்தாய் என்று நாம் தட்டிக்கொடுப்பதும் பாவம் இல்லை. அவள் டாக்டராகட்டும், கலெக்டராகட்டும். கேட்க வேண்டிய கேள்வி, ஆன பிறகு யாருக்காகக் குனிவாள் என்பது. அதை எந்தப் பாராட்டு விழாவிலும் நாம் கேட்பதில்லை, எவ்வளவு பேக்கேஜ் என்றுதான் கேட்கிறோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் கொஞ்ச வருஷமாகப் பெரிய வியாழன் ராத்திரி பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுகிறார்கள், கத்தோலிக்கர் கோயில்களில் இது வெகுநாளாக உண்டு. இந்த வருஷம் பன்னிரண்டில் நானும் ஒருவன். மத்தியானமே குளியலறையில் உட்கார்ந்து, பித்தவெடிப்பைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போனேன். போதகர் ஐயா கழுவுகிற காலில் அழுக்கு இருந்தால் அசிங்கம் அல்லவா! பார்த்தால் மற்ற பதினொரு பேர் காலும் அப்படியேதான் பளபளவென்று இருந்தது. எல்லாரும் கமிட்டி ஆட்கள், காணிக்கை நன்றாகப் போடுகிறவர்கள். போட்டோ எடுத்தார்கள், அன்று ராத்திரியே வாட்ஸப்பில் வந்துவிட்டது.

கோயில் மணியடிக்கிறவர்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஐயா பின்னாலேயே வந்தார். பெருக்குவது, கக்கூஸ் கழுவுவது, சாவு விழுந்தால் குழி வெட்டுகிறவனைக் கூட்டிவருவது எல்லாம் அவர்தான். என் முன்னால் வந்து தண்ணீர் ஊற்றும்போது குனிந்தபடி இருந்ததால் எனக்கு அவர் கால்தான் கண்ணில் பட்டது. செருப்பில்லை. பெருவிரல் நகம் கறுத்துச் செத்திருந்தது, குதிகாலில் சிமெண்டு மாதிரி மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அன்று கழுவத் தேவைப்பட்ட கால் அந்தக் கோயிலிலேயே அது ஒன்றுதான், அதற்கு வரிசையில் நாற்காலி இல்லை. என் கால் மேல் ஊற்றின தண்ணீர் தட்டில் விழுந்தபோது அப்படியே தெளிந்த தண்ணீராக விழுந்தது.

ஆராதனை முடிந்து நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய், அடுத்த வருஷம் என் இடத்தில் நீ உட்காருப்பா, நான் ஐயாவிடம் சொல்கிறேன் என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவர் நாற்காலியைக் கீழே வைக்காமலே கேட்டார், "அப்போ தண்ணி யாரு ஊத்துவா அண்ணாச்சி?"

நான் பதில் சொல்லவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை